சாமி கும்பிடுகிறவர் அறிவியலுக்கு வரலாமா?

வலங்கைமான் பக்கத்துக் கிராமம், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதித் தோழி, "வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் எப்படி விஞ்ஞானி ஆவாய்?" என்கிறார். வீட்டில் அப்பாவோ, "அறிவியல் எல்லாம் நம்ம கோயிலிலேயே இருக்கு, நாசா சாட்டிலைட்டே திருநள்ளாறுக்கு மேலே நின்னுட்டுத்தான் போகுது" என்கிறார். மனிதர்கள் எதனால் அறிவியலுக்கு வருகிறார்கள், மதம் அதற்குத் துணையா, தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இன்னொரு முறை படித்தபோது அதற்குள் வேறொன்று இருப்பதாகப் பட்டது. இப்போது இருக்கிற ஆளாகவே இந்தத் துறைக்குள் வரலாமா, இல்லை எதையாவது விட்டுவிட்டுத்தான் வர வேண்டுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டெல்டாவில் அரசுக் கல்லூரிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வானியல் எனக்கு மிகவும் பிடித்த பாடம். மதத்தைப் பற்றி முறையாகப் படித்தவன் இல்லை, அதனால் கடவுள் உண்டா இல்லையா என்ற பக்கமே நான் போகவில்லை.

முதலில், எதனால் வருகிறார்கள் என்பது. என் வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பாடத்தில் இடம் கிடைத்தது என்பதால்தான் வந்தார்கள். பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று வந்தவர்களும் நிறைய. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் வந்த பிறகு சிலர் சிக்கிக்கொள்வார்கள். ஆய்வகத்தில் ஊசலின் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 க்கு அருகில் வந்தவுடன் ஒரு முகம் மலரும் பாருங்கள், அந்த மலர்ச்சியைத்தான் நான் அறிவியலின் இழுப்பு என்று சொல்வேன். தன் கையால் அளந்த ஒன்று உலகத்தோடு ஒத்துப்போகிறது என்ற சந்தோஷம் அது. அது விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் வரும், குருக்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வரும்.

பெரியவர்களை எடுத்துக்கொண்டாலும் இழுப்பு ஒரே மாதிரி இல்லை. சி.வி. ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற திருவானைக்காவலில், 1888 இல். 1921 இல் கப்பலில் போனபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று ரேலி போன்ற பெரியவர் சொல்லியிருந்தார். ராமன் கையில் இருந்த நிக்கோல் பட்டகம் என்ற ஒளி வடிகட்டும் கருவியை வைத்து நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை. அப்படியானால் நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதுதான் 1928 பிப்ரவரி 28 இல் ராமன் விளைவாக முடிந்தது. அவரை இழுத்தது ஒரு நிறம். கும்பகோணத்தில் 1925 இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனை இழுத்தது பசி. அவருடைய அப்பா கும்பகோணத்தில் அறுவை மருத்துவர். யானைக்கால் நோய் பரவியிருந்த அந்த ஊரில் கொசு ஒழிப்புக்கு மக்களைத் திரட்டியவர். பிள்ளையும் மருத்துவராவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1943 வங்கப் பஞ்சம் அவரை விவசாய ஆராய்ச்சிக்குத் திருப்பியது. இந்த இரண்டு வழிகளில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை.

மதமும் ஓர் இழுப்பாக இருந்திருக்கிறதா? இருந்திருக்கிறது, அதுவும் நம் ஊரில் நிறையவே. கும்பகோணம் மகாமகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம், பௌர்ணமி, மக நட்சத்திரம், குரு (வியாழன்) சிம்மத்தில். இது நான்கு நிபந்தனை கொண்ட ஒரு வானியல் கணக்கு. மக நட்சத்திரம் என்று நாம் சொல்வது ரெகுலஸ் என்ற விண்மீன். மாசியில் சூரியன் கும்பத்தில் இருப்பதால் அதற்கு நேர் எதிரே முழு நிலவு சிம்மத்துக்கு வரும், இது ஆண்டுதோறும் நடக்கும் மாசிமகம். வியாழனும் அதே பக்கம் வந்து சேர ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது. 2016 பிப்ரவரி 22 இரவு குளக்கரையில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு முழு நிலவும், அருகே ரெகுலசும், கொஞ்சம் தள்ளிப் பளிச்சென்று வியாழனும் தெரிந்திருக்கும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் வியாழன் அந்த ஆண்டிலேயே அதிகப் பிரகாசமாக இருக்கும் காலமும் அதுதான். குளத்தில் மூழ்கி எழுந்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்ற 12 ஆண்டு முழுதாக ஆவதில்லை, 11.86 ஆண்டுதான். ஒவ்வொரு சுற்றிலும் 0.14 ஆண்டு மிச்சம் விழுகிறது. ஏழு சுற்றில் அது கிட்டத்தட்ட ஓர் ஆண்டாகச் சேர்ந்துவிடும். அதனால் வியாழனை வைத்துக் கணக்கிடும் விழாக்கள் எப்போதாவது பதினோராம் ஆண்டிலேயே வந்துவிடும். ஹரித்வார் கும்பமேளா 2010 க்கு அப்புறம் 2021 இல் வந்தது இந்தக் கணக்கால்தான். விழாவுக்கு நாள் குறிக்க வேண்டும் என்ற தேவைதான் தலைமுறை தலைமுறையாக ஆட்களை வானத்தைப் பார்க்க வைத்தது.

அந்தக் கணக்கின் தரம் சாதாரணமானதல்ல. வாக்கியப் பஞ்சாங்க மரபில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் எழுத்துக்குள் எண்ணை மறைத்து வைத்த ஒரு சிறு சொற்றொடர். ஏன் 248? சந்திரன் புவிக்கு மிக நெருங்கி வரும் இடத்துக்கு ஒன்பது தடவை திரும்பி வர ஆகும் நாட்கள் 248. மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற சுழற்சியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1825 இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்காளர் ஒரு சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளை வைத்து, நினைவில் இருந்த வாய்பாட்டைக் கொண்டே கணித்ததை, நம் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் பதிவுசெய்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தைச் சில நிமிடப் பிழைக்குள் சொல்லிவிட்டார். முடிவு நேரத்தில் பிழை அதிகம். ஆனால் அந்த விதிகள் எதனால் பலிக்கின்றன என்ற கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதியிருக்கிறார்.

நான் கோடு கிழிக்கிற இடம் இதுதான். சரியாகக் கணிப்பது பெரிய திறமை. கணிப்பு தப்பும்போது விதியைத் திறந்து பார்ப்பதுதான் அறிவியல். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், உங்கள் அப்பா சொன்ன திருநள்ளாறே போதும். சனி கும்ப ராசிக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் அதே சனிப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று நடந்தது. 2025 மார்ச் 29 இல் திருக்கணிதப்படி அடுத்த பெயர்ச்சி வந்தபோது, எங்களுக்கு 2026 இல்தான் என்று கோயில் தரப்பில் அறிவித்தார்கள். வானத்தில் ஒரே சனிதான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை, தொலைநோக்கியில் பார்த்தால் திருக்கணிதத்தோடுதான் ஒத்துப்போகும், ஏனென்றால் அது இன்றைய வானியல் அளவீட்டை வைத்துத் திருத்தப்பட்டது. வாக்கியத்தின் எண்கள் பழையவை, நூற்றாண்டுகளின் சிறு பிழை அதில் சேர்ந்திருக்கிறது. ராசி எங்கே தொடங்குகிறது என்பது மனிதர் வரைந்த எல்லை, அதில் மரபுக்கு மரபு வேறுபாடு இருக்கலாம். கோயில் தன் மரபுப்படி விழா எடுப்பது கோயிலின் உரிமை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். சனி இடம் மாறினால் ஒருவருடைய வேலையும் கல்யாணமும் மாறும் என்பதற்கோ எனக்குத் தெரிந்து எந்தச் சான்றும் இல்லை. இவை மூன்றும் வெவ்வேறு விஷயம். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் கல்லூரித் தொலைநோக்கியை ஒருமுறை நீடாமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சனியைக் காட்டினோம். ஒரு வயதான அம்மா குனிந்து பார்த்தார். வளையத்தோடு சனி தெரிந்ததும் "சனீஸ்வரா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, அந்த வளையம் எதிலயும் ஒட்டாம நிக்குதே, கீழ விழாதா?" என்று கேட்டார். அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். வளையம் ஒரு திடமான தட்டு என்றால் அது நிலைக்காது என்று 1850களில் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டினார். எண்ணற்ற சிறு துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகின்றன, பெரும்பாலும் பனிக்கட்டிகள். அந்த அம்மா கேட்டது மேக்ஸ்வெல்லின் கேள்வி. கன்னத்தில் போட்டுக்கொண்ட கை அந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

இனி அந்தச் செயற்கைக்கோள் கதை. இது பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் வதந்தி, உண்மை இல்லை. தாழ்ந்த பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. ஒரு கணம் நின்றாலும் அப்புறம் அது கீழே விழ வேண்டியதுதான். நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து போகின்றன. திருநள்ளாறு பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே அப்படி எதுவும் நிற்க முடியாது. இதை நீங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடத்தை வைத்தே ஒரு பக்கத்தில் நிரூபித்துவிடலாம். அப்பாவிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். அவருக்கு அந்தக் கோயில் மேல் இருக்கும் மரியாதைக்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

நம்பிக்கைக்கு அறிவியலைச் சான்றாக இழுப்பதை உலகம் அறிந்த ஒருவரும் கவலையோடு பார்த்தார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் கணக்கோடு எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெருவெடிப்புக் கருத்தின் முன்னோடி. 1951 இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கருத்து படைப்பை உறுதிப்படுத்துவதுபோலப் பேசினார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. அவர் தன் கோட்பாட்டை மதக் கேள்விக்கு வெளியே வைத்திருந்தார். நாளைக்கு அளவீடு மாறினால் கோட்பாடு மாறும், அதன் மேல் நம்பிக்கையைக் கட்டிவைத்தால் இரண்டுக்கும் சேதம். உங்கள் அப்பாவின் வாதத்தில் எனக்கிருக்கும் தயக்கமும் இதுவே.

தோழியின் வாதத்துக்கு வருகிறேன். அவருக்கு ராமானுஜனைப் பற்றிச் சொல்லுங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர், டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். நாமகிரித் தாயார்தான் தனக்குக் கணக்கைக் காட்டுகிறாள் என்று சொன்னவர். அவரோடு வேலை செய்த ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இருவரும் சேர்ந்து உழைப்பதற்கு அது தடையாக இருக்கவே இல்லை. ஆனால் இந்தக் கதையை நம் ஊரில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் ஆரம்பத்தில் ஹார்டிக்கு எழுதியவற்றில் சில முடிவுகள் தவறாக இருந்தன. கனவில் வந்ததா, காகிதத்தில் வந்ததா என்று கணிதம் கேட்பதில்லை, நிரூபணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. சரியானவை நின்றன, தவறானவை கழிக்கப்பட்டன, அதை ராமானுஜனும் ஏற்றுக்கொண்டார். பக்தி உள்ள ஒருவர் இந்தச் சோதனைக்குத் தன் வேலையைக் கொடுக்கத் தயாராக இருந்தால் அவர் விஞ்ஞானிதான். இஸ்ரோ தலைவர்கள் ஏவுதலுக்கு முன் திருப்பதி போவது செய்தியில் வருகிறது. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான் 2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, சரிசெய்து, 22 ஆம் தேதி அனுப்பினார்கள். கோயிலுக்குப் போனோமே, பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

நம் மதம் மட்டும் என்று இல்லை. தரங்கம்பாடிக்கு மதம் பரப்ப வந்த லூத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள் நம் செடிகொடிகளையும் பூச்சிகளையும் மீன்களையும் அக்கறையாகச் சேகரித்தார்கள். 1768 இல் அந்த மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் அங்கே இருந்த ஜான் என்ற பாதிரியாரின் பெயர் இருக்கிறது. படைப்பைப் படிப்பது கடவுளைத் துதிப்பதில் சேர்த்தி என்பது அக்காலத்து மிஷனரிகள் பலரின் எண்ணம். அவர்களுக்குச் செடியைக் காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர்களின் பெயரை அப்படி எந்தச் செடியிலும் நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் தோழி சொல்வதில் உள்ள நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. மதம் கணக்கைக் காப்பாற்றித் தந்தது என்று மேலே சொன்னேன். யாருக்குத் தந்தது? 248 வாக்கியமும் ஒரு சில தெருக்களுக்குள்ளேயே இருந்தது. வயலில் இறங்கி நட்டவர்களின் பிள்ளைகளுக்கும், எந்தத் தெருவானாலும் பெண் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவில்லை. அந்த வாசல் மூடியிருந்தவர்களுக்கு அறிவியல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1925 இல் தொடங்கிய குடிஅரசு இதழில் சிங்காரவேலர் அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதினார். டெல்டாவில் பல குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள், மதத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கிய அதே வேகத்தில்தான் அறிவியலுக்கும் வந்தார்கள். தோழியின் வீட்டில் அப்படி ஒரு வரலாறு இருக்கலாம். அது மதிக்க வேண்டிய வழி.

எண்ணிக்கை என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1914 இல் ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் விஞ்ஞானிகளிடம், வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டார். நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் ஆம் என்றார்கள். 1996 இல் எட்வர்ட் லார்சன், லாரி விதம் (Witham) என்ற இருவர் அதையே கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே விடைதான். ஆனால் 1998 இல் அங்குள்ள தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களைக் கேட்டபோது அது 7 சதவீதம். அறிவியல் நம்பிக்கையைக் குறைக்கிறதா, நம்பிக்கை குறைந்தவர்கள் அறிவியலில் மேலே போகிறார்களா, அல்லது குடும்பம், படிப்பு போன்ற வேறு காரணமா என்பதை இந்த எண்கள் சொல்லாது. அங்கே கேட்ட கேள்வியும் கிறித்தவச் சூழலின் கேள்வி. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதையும் பெருவெடிப்பைப் படிப்பதையும் ஒரே வாரத்தில் செய்கிற நம் வீடுகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மோதலே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மத நூலோ மரபோ உலகத்தைப் பற்றி அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது மோதல் வரும். பூமியின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்பதும், உயிர்கள் பரிணாமத்தால் வந்தவை என்பதும் உறுதியான முடிவுகள். கிரகண நேரத்தில் சமைத்த சோறு விஷமாகாது, கர்ப்பிணிகளுக்கு எதுவும் ஆகாது, கண்ணை மட்டும் சூரிய ஒளியிலிருந்து காக்க வேண்டும். இந்த இடங்களில் நீங்கள் அளவீட்டின் பக்கம்தான் நிற்க வேண்டும், வீட்டில் சங்கடமாக இருந்தாலும். அதற்கு அப்புறமும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக மனம் இருந்தால் போங்கள். போகத் தோன்றாவிட்டாலும் அது உங்கள் விருப்பம். இரண்டையும் இப்போதே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இப்போது கட்டாயம் செய்ய வேண்டியது வேறு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன, அதற்கு இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதன் பழைய இயற்பியல் வினாத்தாள்களை இணையத்தில் எடுத்து வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இயந்திரவியலும் மின்காந்தவியலும்தான் நம் பிள்ளைகளுக்கு இடறுகிற இடம். பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தால் முதல் மாதம் ஆங்கிலக் கேள்விகள் மலைப்பாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். எந்தக் கணக்கிலாவது மாட்டிக்கொண்டால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.